கலங்கல் தண்ணீரில் ஒரு புதுப் பவளம்

அந்தக் கல்லை அக்கா புருஷன் மீன் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். ஐஸ் போடவில்லை. பாதிப் பெட்டிக்குக் கடல் தண்ணீர் ஊற்றி, மேலே ஈரச் சாக்கு சுற்றி, திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் வரைக்கும் ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போய்வந்த புடவையை நான் இன்னும் மாற்றியிருக்கவில்லை.

“பாப்பா, இத்த கொஞ்சம் பாரு,” என்றார். எனக்கு நாற்பத்தொரு வயது. கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். அவருக்கு நான் இன்னும் பாப்பாதான். “வலயில மாட்டிகினு வந்துச்சி. உங்கக்கா தூக்கிக் கடாசுன்றா. எனக்கு மனசு வர்ல. கல்லுதான், ஆனா உயிரு கீது இதுல.”

மூடியைத் திறந்தேன். இரண்டு கைப்பிடி அளவுக்கு, கடுகு அரைத்த நிறத்தில் ஒரு உருண்டை. மேலெல்லாம் சின்னச் சின்னக் கிண்ணங்கள். பெட்டிக்குள் இருட்டாக இருந்ததால் ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் நூல் நூலாக விரல்கள் வெளியே நீண்டிருந்தன. வெளிச்சம் பட்டதும் எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே சுருங்கின.

பவளம். அதுவும் திட்டுத் திட்டாகச் சுண்ணாம்பு கட்டி வளர்கிற கல் பவளம். நான் முனைவர் பட்டம் வாங்கியதே மன்னார் வளைகுடாப் பவளங்களை வைத்துத்தான். ஆனால் என்னிடம் வந்ததெல்லாம் கண்ணாடிக் குப்பியிலும் அட்டைப்பெட்டியிலும் வந்த மாதிரிகள். நீச்சல் தெரியாது. கடலிலிருந்து கல்லெறி தூரத்தில் பிறந்து வளர்ந்தவள் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. போதாததற்கு, சென்னைக் கடல் கலங்கல், இங்கே திட்டு கட்டும் பவளம் வளராது என்று பத்து வருஷமாக வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தேன்.

“எங்க கெடச்சுது மாமா?”

“நம்ம ஆளுங்க பாருன்னு சொல்லுவோமே, கடலுக்கடியில பாற. எண்ணூருக்கு நேரா, பத்து பாகம், அதான் பத்து ஆளு ஆழத்துல ஒண்ணு கீது. அங்க வல போட்டா கீஞ்சிடும்னு யாரும் போட மாட்டாங்க. தண்ணி இஸ்த நீவாட்டத்துல என் வல அங்க போயிடுச்சி.”

“மாமா, இதை வீட்ல வச்சிருந்தா கேஸ் ஆயிடும். பவளம் எடுக்கறதே குத்தம். புலிய வேட்டையாடற மாதிரி.”

அவர் பெட்டியை விட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தார். “அடப்பாவி! வலயில வந்து மாட்னா நான் இன்னா பண்ணுவேன்? அத்த இன்னா கைய கால கட்டியா நான் இட்டாந்தேன்?”

பல கோணங்களில் படம் எடுத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் நடந்ததை ஒரு கடிதமாக எழுதி, பெட்டியோடு வனத்துறை அலுவலகத்தில் இருவரும் போய் ஒப்படைத்தோம். மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதிகாரி நல்ல மனிதர். கடிதத்தை இரண்டு தரம் படித்தார்.

“எண்ணூர்லயா? மேடம், அங்க சாம்பலும் சாக்கடையும்தான இருக்கும்.”

“நானும் அப்படித்தான் சார் நெனச்சுக்கிட்டிருந்தேன்,” என்றேன். அந்த இடத்தில் முறைப்படி ஆய்வு செய்யவும், சுண்டுவிரல் நுனி அளவு மாதிரிகள் எடுக்கவும் அனுமதி கேட்டு அங்கேயே உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினேன்.

அனுமதி வர எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதத்தில் நான் நீந்தக் கற்றுக்கொண்டேன்.

என்னோடு ஆராய்ச்சி செய்த தோழி ஒருத்தி தெற்கே ஒரு ஆய்வகத்தில் மரபணு வேலை பார்க்கிறாள். பத்து வருஷமாகக் கடலில் முக்குளிப்பவள். படங்களை அனுப்பிய அன்றே போன் செய்தாள். “யாரையாவது கீழே அனுப்பி எடுத்துக்கலாம்னு நெனைக்காதே. இது புது இனம்னா பேர் வைக்கப் போறவ நீ. நீதான் போய்ப் பாக்கணும்,” என்றாள். நான் இன்னும் பேர் என்ற வார்த்தையையே வாயில் எடுத்திருக்கவில்லை.

மாநகராட்சி நீச்சல் குளத்தில் பெண்களுக்கான காலை நேரத்தில் பத்து வயதுப் பிள்ளைகளோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு கால் உதைத்தேன். முதல் மாதம் குடித்த தண்ணீருக்கு அளவில்லை. மே விடுமுறையில் தோழியிடம் போய், முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு இறங்கப் பழகினேன். முதல் மூன்று நாளும் பாதியில் பயந்து மேலே வந்துவிட்டேன். நாலாவது நாள் அவள் என் கையை விடவே இல்லை. ஐந்தாவது நாள் நானே விட்டேன்.

எங்கள் கடலில் தண்ணீர் தெளிவதற்கும் காலம் உண்டு. தெற்கிலிருந்து வடக்கே நீரோட்டம் ஓடும் நாட்களில்தான் கொஞ்சம் தெளியும். அதைத் தெண்டி என்பார் மாமா. பிப்ரவரியில் ஒரு நாள் விடியற்காலை போன் வந்தது. “தெண்டி ஓடுது பாப்பா. நாளிக்கு வந்துடு. ரெண்டு நாள் வுட்டா திரும்பக் கலங்கிடும்.” தோழி அன்றைக்கே ரயில் ஏறினாள்.

மாமாவின் ஃபைபர் போட்டில் போனோம். கரையில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், துறைமுகத்து கிரேன்கள், வெளியே நங்கூரம் போட்டு முறைக்காகக் காத்திருக்கும் கப்பல்கள். மாமாவிடம் திசைகாட்டும் கருவி இருந்தது, ஆனால் அதைப் பார்க்கவில்லை. ஒரு புகைபோக்கியையும் ஒரு கோயில் கோபுரத்தையும் கண்ணால் நேர்கோட்டில் வைத்து, “இங்கதான். எறங்கு,” என்றார்.

தெளிந்த தண்ணீர் என்று சொன்னது அவருக்குத் தெளிவு. எனக்கு நீட்டிய கைக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. வடித்த கஞ்சிக்குள் இறங்குவதுபோல இருந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனேன். மூச்சு விடும் சத்தம் மட்டும் காதில். திடீரென்று முழங்கை எதிலோ இடித்தது. விளக்கைப் போட்டேன்.

பாறை தெரியவில்லை. பாறை முழுக்கப் பவளம் மூடியிருந்தது. கடுகு நிறம், பச்சை கலந்த பழுப்பு. சில உருண்டைகள் குடம் அளவுக்கு, சில மேசை அளவுக்கு, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பழையதன் எலும்பின்மேல் புதியது கட்டிக்கொண்டு வளர்ந்திருந்தது. வண்டல் ஒரு மெல்லிய படலமாக எல்லாவற்றின்மேலும் இறங்கிக்கொண்டே இருந்தது. பவளம் மெழுகுபோல ஒரு சளியைச் சுரந்து அதை ஓரமாகத் தள்ளிக்கொண்டே இருந்தது. எத்தனை நூறு வருஷமாக இந்த வேலை நடக்கிறதோ. என் வீட்டு மாடியில் நின்றால் தெரிகிற கடல் இது. நான் முகமூடிக்குள் அழுதேன். அது நல்லதில்லை, கண்ணாடி மங்கிவிடும் என்று தோழி பிறகு திட்டினாள்.

அனுமதித்த அளவுக்குச் சின்னச் சின்னத் துண்டுகள் எடுத்தோம். கல்லூரி ஆய்வகத்தில் அவற்றை வெளுப்பான் கரைசலில் ஊறப்போட்டேன். இரண்டு நாளில் சதையெல்லாம் கரைந்து, சோறுபோல வெள்ளையான எலும்பு மட்டும் நின்றது. கழுவிக் காயவைத்து நுண்ணோக்கியில் வைத்தேன். பவளத்தை இனம் பிரிப்பது இந்த எலும்பில்தான். ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் மையத்தை நோக்கிச் சக்கரக் கம்பிகள்போல மெல்லிய சுவர்கள் இருக்கும். அவை எத்தனை, எத்தனை சுற்று, ஓரத்தில் பல் இருக்கிறதா, நடுத்தூண் எப்படி, பக்கத்துக் கிண்ணத்தோடு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும்.

இதற்கு மிக நெருக்கமான இனம் ஒன்று ஏற்கெனவே தெரிந்ததுதான். அதில் சுவர்கள் மூன்று சுற்று; இதில் நான்கு. அதில் பக்கத்துக் கிண்ணங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். இதில் இரண்டுக்கும் நடுவே நகம் நுழைகிற அளவுக்கு ஒரு வாய்க்கால். அதன் நடுத்தூண் தட்டை. இதில் ஐந்து இதழாகப் பிரிந்து நின்றது. நாற்பது மாதிரிகளிலும் ஐந்து இதழ். கல்லூரி முடிந்து தினம் இரண்டு மணி நேரம், ஒரு வருஷம் அளந்தேன், வரைந்தேன். பழைய விவரிப்புகளையெல்லாம் தேடிப் படித்தேன். அருங்காட்சியகங்களுக்கு எழுதி அவர்களிடம் இருக்கும் மாதிரிகளின் படங்களை வரவழைத்தேன். எங்கும் இது இல்லை.

மரபணுவும் வேறாகத்தான் இருந்தது, ஆனால் கொஞ்சம்தான். “பவளத்துல இது மெதுவா மாறும். இதை மட்டும் வச்சு சண்டை போட முடியாது. உன் எலும்புதான் பேசணும்,” என்றாள் தோழி.

கட்டுரையை எழுதி ஒரு சர்வதேச ஆய்விதழுக்கு அனுப்பினோம். நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. பெயர் சொல்லாத இரண்டு பேர் படித்திருந்தார்கள். ஒருவர் பாராட்டியிருந்தார். இன்னொருவர், இது புதிய இனமே இல்லை, பழைய இனம்தான், தொழிற்சாலைப் பகுதியின் கலங்கிய தண்ணீரில் வளர்ந்ததால் உருவம் மாறிப்போயிருக்கிறது என்று எழுதியிருந்தார். இதழின் ஆசிரியர் கட்டுரையைத் திருப்பி அனுப்பியிருந்தார்.

கோபம் வரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் கேட்டது நியாயமான கேள்வி. பவளம் வெளிச்சத்துக்கும் வண்டலுக்கும் ஏற்ப உருவம் மாறும். அப்படி மாறவில்லை என்று காட்ட என்னிடம் எதுவும் இல்லை. ஒரு வாரம் அந்தப் பதிலையே திரும்பத் திரும்பப் படித்தேன்.

சனிக்கிழமை காலை காசிமேட்டுக்குப் போனேன். அக்கா அங்கே மீன் விற்கிறாள். குழம்புக்கு வாங்கப் போனவள் அவள் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்துவிட்டேன்.

“இன்னாடி, மூஞ்சி தொங்கிப் போயி கீது?”

சொன்னேன். அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லவில்லை. எனக்குத் தோன்றியபடி சொன்னேன். அவள் ஒரு பெண்ணுக்கு மீன் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

“அதாவது, சேத்துல வளந்ததால அப்டி ஆயிடுச்சின்றாரு அந்தாளு.”

“ஆமா.”

“அதுக்கின்னா இப்போ?” கூடையிலிருந்து இரண்டு மீனை எடுத்துப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். “இது வஞ்சிரம். இது மாவுலாசி. ரெண்டும் ஒரே மாதிரி நீட்டு. தெரியாதவங்களுக்கு ஒண்ணாத்தான் தெரியும். ஒரே கடலு, ஒரே வல, ஒரே நாளு வந்துது. தண்ணியா வேற வேற? ஆனா வஞ்சிரம் வஞ்சிரம்தான், மாவுலாசி மாவுலாசிதான். அந்த இன்னொரு பவளம் நம்ம பாருல இருந்தா, ரெண்டயும் இப்டி பக்கத்துல போட்டுக் காட்டு. அப்பால இன்னா சொல்றாருன்னு பாப்போம்.”

பாடப்புத்தகத்தில் நானே சொல்லிக்கொடுக்கிற விஷயம் அது. ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில், ஒரே தண்ணீரில் இரண்டும் கலக்காமல் தனித்தனியாக வளர்ந்தால், வித்தியாசத்துக்குத் தண்ணீர் காரணமாக இருக்க முடியாது. ஆனால் அந்தப் பழைய இனம் எங்கள் பாரில் இருக்கிறதா? நான் அதைத் தேடவே இல்லை. புதியதைப் பார்த்த சந்தோஷத்தில் வேறு எதையும் பார்க்கவில்லை.

மாமாவைக் கேட்டேன். அவர் யோசித்தார். “பாருக்குத் தெக்கு மூலயில கீற கல்லு வேற மாதிரி. நம்ம கல்லு கெடச்ச எடத்துல மாட்னா வல கீஞ்சிதான் வரும். அங்க மாட்னா அறுத்துகினு வரும், பிளேடு வச்ச மாதிரி. வேற கல்லுன்னுதான் எனக்குத் தோணும்.”

அடுத்த தெண்டிக்குக் காத்திருந்தோம். அனுமதி முடிய ஐந்து வாரம் இருந்தது. இரண்டு தடவை கிளம்பி, தண்ணீர் கலங்கியதால் பாதி வழியில் திரும்பினோம். மூன்றாவது தடவை இறங்கினோம்.

தெற்கு மூலையில் முதலில் கண்டது பழைய இனம். கிண்ணங்கள் ஒட்டிக்கொண்டு, ஓரம் கூராக. மாமா சொன்ன பிளேடு. தோழி விளக்கை ஆட்டி என்னை வடக்கே கூப்பிட்டாள். அங்கே அவள் காட்டிய இடத்தில் என் பவளமும் அந்தப் பவளமும் ஒரே பாறையில் முட்டிக்கொண்டு நின்றன. இரண்டுக்கும் நடுவே விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. பவளங்கள் எல்லைச் சண்டை போடும். வேறு இனம் பக்கத்தில் வந்தால் அதன் சதையைக் கரைத்துத் தின்னும். அந்த வெள்ளைக் கோடு அவற்றின் போர்க்களம். ஒரே வண்டல் இரண்டின்மேலும் இறங்கிக்கொண்டிருந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் நகம் நுழையும் வாய்க்கால். அந்தப் பக்கம் இல்லை. இடைப்பட்ட உருவம் ஒன்றுகூட இல்லை.

வாயில் காற்றுக்குழாயை வைத்துக்கொண்டு கத்தினேன். தோழியும் கத்தினாள். அன்றைக்கு ஏழு இடம், மறுநாள் நாலு இடம், பதினோரு இடத்திலும் அதே வெள்ளைக் கோடு.

முதல் நாள் மேலே வந்ததும் போட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன்.

“இன்னா பாப்பா, அடி கிடி பட்டுச்சா?”

“கெடச்சிடுச்சி மாமா! பக்கத்துல பக்கத்துல! சண்ட போட்டுகினு கீது!”

கல்லூரியில் பல வருஷமாகத் திருத்தமாகப் பேசிப் பேசி, எங்கள் வீட்டுப் பேச்சு என் வாயிலிருந்து போயேவிட்டது என்று நினைத்திருந்தேன். அன்றைக்குக் கரை வந்து சேரும்வரை அந்தப் பேச்சுதான்.

திருத்திய கட்டுரையில் அந்தப் பதினோரு படங்களும் போயின. கட்டுரையின் ஆசிரியர்கள் மூன்று பேர்: நான், தோழி, மாமா. இடத்தைக் கண்டவர் அவர், மாதிரியைக் காப்பாற்றியவர் அவர், இரண்டு கல்லும் வேறு என்று எங்களுக்கு முன்பே தெரிந்துவைத்திருந்தவர் அவர். இதழின் அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது: மூன்றாவது ஆசிரியர் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்? “மீனவர், திருவொற்றியூர், சென்னை” என்று பதில் அனுப்பினேன். அப்படியே போட்டார்கள்.

அந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முன், பெயர் வைக்க மூவரும் அக்கா வீட்டில் உட்கார்ந்தோம். தோழி ஊர்ப் பெயரை வைக்கலாம் என்றாள். எந்த ஊரை? எண்ணூரா, திருவொற்றியூரா, கத்திவாக்கமா? ஒன்றை வைத்தால் மற்ற குப்பத்துக்காரர்கள் சும்மா விடுவார்களா என்று மாமா கேட்டார். அக்கா அடுப்பிலிருந்து திரும்பி, “கலங்கத் தண்ணில வளராதுன்னுதான இவ பட்ச்சா? கலங்கல்லயே பொயச்சிகினு கீது இல்ல? கலங்கல்னே வையி,” என்றாள்.

விதிப்படி எந்த மொழிச் சொல்லையும் லத்தீன் எழுத்தில் வைக்கலாம். வைத்தோம். விளக்கக் குறிப்பில், ‘கலங்கல்: தமிழில் கலங்கிய நீர், இப்பவளம் வாழும் நீரைக் குறித்து’ என்று எழுதினேன். அதைவிட நல்ல வரி அந்தக் கட்டுரையில் இல்லை.

இந்தத் தடவை ஆறு வாரத்தில் பதில் வந்தது. முன்பு மறுத்தவர் ஒரே பத்தி எழுதியிருந்தார். எல்லைக் கோட்டுப் படங்கள் தன் சந்தேகத்தைத் தீர்த்துவிட்டன, ஆசிரியர்களை வாழ்த்துகிறேன் என்று. ஆசிரியர்களை, மாமாவையும் சேர்த்து. வகுப்பு நடந்துகொண்டிருந்தது. போனைப் பார்த்துவிட்டு, மாணவிகளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதலில், சென்னைக் கடலில் பவளம் வளராது என்று என் பழைய பாடக் குறிப்பிலிருந்து அவர்கள் எழுதிவைத்திருந்த வரியை நோட்டில் அடித்துவிடச் சொன்னேன். பிறகு ஏன் என்று சொன்னேன். அவர்கள் மேசையைத் தட்டிய சத்தத்தில் பக்கத்து வகுப்புப் பேராசிரியர் ஓடிவந்தார்.

முதல் மாதிரி, அதாவது இந்த இனத்துக்கு இதுதான் சாட்சி என்று என்றைக்கும் வைத்திருக்க வேண்டிய துண்டு, அரசுச் சேகரிப்பில் பதிவானது. அது மாமாவின் வலையில் வந்த துண்டு. வனத்துறை அதிகாரி பத்திரமாக வைத்திருந்து, தானே ஜீப்பில் எடுத்துவந்து கொடுத்தார். “சாம்பலும் சாக்கடையும்னு சொன்னேன் இல்ல மேடம், அதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க,” என்றார். சொல்லிவிட்டேன், மன்னிப்பாராக.

கட்டுரை வெளிவந்த வாரம் குப்பத்துச் சமூகக்கூடத்தில் மாமா என்னைப் பேசச் சொன்னார். சுவரில் படங்களைப் போட்டுக் காட்டினேன். முதலில் எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு ஒரு இளைஞர் எழுந்தார். “அக்கா, சந்தோஷம். ஆனா இதச் சொல்லி சர்க்காரு நாளிக்கு அங்க வரக்கூடாது, மீன் புடிக்கக்கூடாதுன்னு சொன்னா நாங்க எங்க போவோம்?”

நான் இதை யோசித்திருக்கவில்லை. பொய் சொல்ல மனமில்லை. “எனக்குத் தெரியாது. அப்படி யாராவது பேச வந்தா, நீங்க இல்லாம பேசக் கூடாதுன்னு நான் எழுதித் தருவேன். கட்டுரையில ஒரு மீனவர் பேர் இருக்கு. அதை யாரும் இனிமே எடுக்க முடியாது,” என்றேன்.

கூடத்தில் ஒரு சலசலப்பு. முன்வரிசையில் இருந்த வயதான பெண்மணி ஒருவர் மாமாவைப் பார்த்து, “மெய்யாவா? உன் பேரு புக்குல வந்துகீதா? எங்க, படி,” என்றார்.

மாமா வெள்ளைச் சட்டையில் எழுந்து வந்தார். அச்சிட்ட தாளை என்னிடமிருந்து வாங்கினார். ஆங்கிலம் அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். என் பெயரையும் தோழி பெயரையும் தாண்டி, விரலை வைத்து, தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக உரக்கப் படித்தார். பிறகு விரலைக் கீழே நகர்த்தி “மீனவர், திருவொற்றியூர்” என்ற வரியையும் படித்தார். கூடம் அதிர்ந்தது. அக்கா எழுந்து நின்று விசிலடித்தாள். அவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.